அக்காவுக்குப் போன டிஸ்க்குகள்

டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு வரக்கூடாது. கொஞ்ச காலம் கழித்துப் போட்டால் படம் திக்கும், முகம் கட்டம் கட்டமாக உடையும். நான் அக்காவுக்கு அனுப்பியவை எல்லாமே நல்ல டிஸ்க்குகள். மெதுவான வேகத்தில் பர்ன் பண்ணி, முழுவதும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, மேலே மார்க்கர் பேனாவால் 'அப்பா' என்று எழுதி உறையில் போடுவேன். அந்த வேலையில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள், சார். நான் எப்போதுமே நிதானமானவன்தான். கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இப்போதும் இருக்கிறது. அது வேறு, நிதானம் வேறு.

முன்பு ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோவை மூடிய பிறகு கணினி, ஸ்பீக்கர், டிஸ்க் எழுதும் டிரைவ் எல்லாவற்றையும் வீட்டு ஹாலில் வைத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தார் பழைய கேசட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், டிஸ்க்கில் ஏற்றிக் கொடுப்பேன். ஹாலை ஒட்டிய அறையில் அப்பா. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அவரால் தானாக எழுந்திருக்க முடியாது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே நிற்பவர்களை அதட்டியே பழகிய தொண்டை. வீட்டிலும் அதே தொண்டைதான். அக்காவை "என் சிங்கம்" என்பார். என்னை "மக்கு" என்பார். விருந்தாளி வந்தால்கூட, "டேய் மக்கு, தண்ணி கொண்டா" என்பார். நான் கொண்டுபோவேன்.

சிங்கம் படித்தது, வேலைக்குப் போனது, கல்யாணம் செய்துகொண்டு கடல் கடந்து போனது. அப்பா விழுந்த செய்தி கேட்டதும் போனில் அழுதது. அழுது முடித்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னது.

"நீ வீட்லதானேடா இருக்க."

நான் செய்வது வேலை இல்லை, என் நேரம் நேரம் இல்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டாம் என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. பிறகு பார்சலில் ஒரு வீடியோ கேமரா அனுப்பிவைத்தாள். போனில் அப்பா பேச்சு குழறும், முகத்தைப் பார்த்துக் கேட்டால் புரியும். அதனால் படம் எடுத்து டிஸ்க்கில் போட்டு அனுப்பச் சொன்னாள்.

முதல் டிஸ்க்கில் ஒரு பொய்யும் கிடையாது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுச் சாப்பிடுகிறார், இடது கையால் பேப்பரைத் திருப்புகிறார். நடுவில் கேமராவைப் பார்த்து, "இந்த மக்குக்கு ஒழுங்கா சோறு வடிக்கக்கூடத் தெரியலம்மா" என்றார். அதை மட்டும் வெட்டினேன். கல்யாண வீடியோவில் சித்தப்பா மூக்கு நோண்டுவதை வெட்டுவோம் இல்லையா, அது மாதிரி.

டிஸ்க் போய்ச் சேர்ந்ததும் அக்கா கூப்பிட்டாள்.

"அப்பா முகத்துல எவ்ளோ தெளிவுடா! உன்ன மாதிரி யாராலயும் பாத்துக்க முடியாது. இங்க எல்லார்கிட்டயும் போட்டுக் காட்டினேன்."

எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த முறை அப்பா பேசியதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. "நான் நல்லா இல்லம்மா. வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. இவன் என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. இருக்கேனா செத்தேனான்னுகூடப் பாக்கறதில்ல." இப்படியே போனது. பேச்சை எடுத்துவிட்டு வாத்திய இசை போட்டு அனுப்பினேன். "பாட்டெல்லாம் நல்லாதான் இருக்கு, அப்பா குரல் கேக்கலையேடா" என்றாள் அக்கா.

குரல்தானே. உட்கார்ந்து வெட்டினேன். 'நான் நல்லா' வரை ஒரு துண்டு. 'இல்லம்மா' வேண்டாம். 'இருக்கேனா'வில் கடைசி எழுத்தின் வாலை மட்டும் நறுக்கினால் 'இருக்கேன்'. ஒட்டும் இடத்தில் அப்பா வாயைக் காட்டாமல் ஜன்னலைக் காட்டினேன். "நான் நல்லா இருக்கேன்." அக்கா அதைக் கேட்டு அழுதாளாம். அத்தான் போனை வாங்கி, "மாப்ள, நீ பெரிய ஆளுடா" என்றார்.

பிறகு அப்பாவின் முதுகில் புண் வந்தது. படுத்தே கிடப்பவர்களுக்கு வரும். புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சில நாள் செய்தேன். புரட்டும்போதெல்லாம், "என் சிங்கம் இருந்தா இப்படி விட்டிருக்குமா" என்பார். ஒரு நாள் புரட்டுவதை நிறுத்தினேன்.

டாக்டரை ஏன் கூப்பிடவில்லை என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். கூப்பிட்டால் ஆஸ்பத்திரி என்பார். ஆஸ்பத்திரி என்றால் அக்கா விமானம் ஏறி வருவாள். வாசலில் பெட்டியை வைத்ததும் தெருவே திரண்டு நிற்கும். பொண்ணு வந்து அப்பாவைக் காப்பாத்திட்டா என்பார்கள். அத்தனை வருஷம் மலமும் மூத்திரமும் அள்ளியவன் ஓரமாக நின்று அவளுக்குக் காபி கலக்க வேண்டும். அப்பா படுக்கையில் கிடந்தபடியே, "டேய் மக்கு, அவளுக்கு நாற்காலி எடுத்துப் போடு" என்பார். நீங்களாக இருந்தால் கூப்பிட்டிருப்பீர்களா?

அந்த சமயத்தில்தான் அக்கா, "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறேன்டா" என்றாள்.

"படத்துல பாக்குறல்ல. அவர் ஜம்முனு இருக்கார். பிள்ளைங்க பரீட்சை முடியட்டும்" என்றேன்.

அப்பாவால் உட்கார முடிகிற வரைக்கும்தான் இந்தப் பேச்சு செல்லும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் பகலில் பீரோவில் இருந்த அவர் சட்டைகளையெல்லாம் எடுத்து வந்தேன். தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தேன். ஒரு சட்டை, ஒரு திரைச்சீலை. எடுத்து முடித்ததும் வேறு சட்டை, வேறு திரைச்சீலை. ஒன்றில் ஷேவ் செய்தேன், ஒன்றில் கண்ணாடி போட்டுவிட்டேன். புண் தலையணையில் உரசும்போது அப்பா பல்லைக் கடித்தார்.

"எதுக்குடா இத்தன சட்ட?"

"அக்காவுக்கு அனுப்ப."

"அவ வரப்போறாளா?"

"வருவா. சிரிங்க."

சிரித்தார். உண்மையான சிரிப்பு, சார். அவ்வளவு அழகாக அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவள் வருகிறாள் என்பதற்காக. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என்னை ஊடுருவி, லென்ஸுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவளுக்காகச் சிரித்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. கேமராவைத் துடைத்து உறையில் வைத்தேன்.

கையில் அத்தனை சட்டைக்கும் படம் இருந்தது. ஒவ்வொன்றாக அனுப்பினால் போதும். அவை தீரும்வரை அப்பா நன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

சாப்பாட்டைக் குறைத்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அவர் கேட்பது குறைந்தது. நாற்றம் ஹாலுக்கு வந்ததால் கதவைச் சாத்தினேன். கேசட் கொடுக்க ஆட்கள் வருகிற வீடு, கொஞ்சம் நாகரிகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் போன பிறகு டிரைவில் சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க்கை முடித்துவிட்டுத்தான் அக்காவுக்கு போன் செய்தேன். "தூக்கத்துலயே போயிட்டார்" என்றேன். அவள் வந்தாள். வேறு சட்டை மாற்ற வேண்டும் என்று அப்பாவைத் திருப்பினாள். அத்தான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா நகரவில்லை.

"இந்தப் புண்ண வச்சுக்கிட்டு எப்படிடா போன மாசம் உக்காந்து சிரிச்சாரு?"

"அது முன்னாடி எடுத்தது."

"எப்போ?"

அவள் நேராகக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். வெட்டிய துண்டுகளை நான் அழிப்பதில்லை, அது தொழில் பழக்கம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். 'இல்லம்மா.' 'வந்து என்னைக் கூட்டிட்டுப் போ.' அவளுக்கு என்ன கேட்கிறது என்பது எனக்கும் தெரியும், வரிசையே மனப்பாடம். அவள் என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். அந்த அமைதியும் ஒரு திமிர்தான்.

கடைசி நாளைப் பற்றி முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். தூங்கிக்கொண்டிருந்தார், எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றேன். அது பொய்.

மத்தியானம். அப்பா டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டினார். தண்ணீருக்கு அப்படித்தான் தட்டுவார். நான் ஹெட்போனில் இருந்தேன், இருந்தும் கேட்டது. மேஜை வழியாக அதிர்வு வந்தது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன். தட்டுவது விட்டு விட்டு வந்தது. பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மக்கு என்று இல்லை, என் பெயரை. அதுவும் கேட்டது. நான் போகவில்லை. தட்டுவது நின்ற பிறகும் போகவில்லை. அவர் சாகிறார் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். ரொம்ப நாளாகத் தேடிச் சேர்த்த வாக்கியம். 'என் பையன்' என்பது, "என் பையன்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்கு" என்று அவர் சொன்னதிலிருந்து எடுத்தது. 'நல்லா' இருக்கவே இருக்கிறது. "எதிர் வீட்டுக்காரன் அவங்கப்பனை எப்படிப் பாத்துக்கிறான், நீயும் இருக்கியே" என்று ஒருநாள் கத்தினார், அதிலிருந்து 'பாத்துக்கிறான்'. கத்தல் தெரியாமல் குரலைத் தணிக்கத்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

என் பையன் நல்லா பாத்துக்கிறான்.

அந்த டிஸ்க்கும் உங்களிடம்தான் இருக்கிறது. ஒருமுறை போட்டுக் கேளுங்கள், அக்காவையும் கேட்கச் சொல்லுங்கள். நானாகச் சேர்த்த எழுத்து அதில் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவை. அப்பாவின் மனதில் இருந்தது அதுதான், சார். அதைச் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.