சாமி அசையக் கூடாது

ஓடாத பாஸ், ஓடாத லா! நீ ஓடுனா இங்க இருக்கற பறவை எல்லாம் பறந்துடும். நான் சாமி இல்ல, மனுஷன் தான். பேரு சபாபதி, கிள்ளான்ல வீடு, ரயில்வேல வயர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். தொட்டுப் பாக்கறியா? வேணாம் வேணாம், இந்த எலை எல்லாம் பிளாஸ்டிக், தொட்டா கழண்டு வருது. அப்படியே உக்காரு. மெதுவா. என்ன நேரா பாக்காத, வேற எங்கயோ பாக்கற மாதிரி பாரு.

ஆங், அப்படித்தான். எலுமிச்சம்பழத்தக் கீழ வெச்சிடு. பாலையும் வெச்சிடு, என் மேல ஊத்தாத. போன வாரம் ஒரு ஆன்டி ஊத்திட்டுப் போயிருச்சு. எறும்பு கடிச்சு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாமி சொறியக்கூடாதுல்ல.

பேரு என்ன? ஜீவனா. அந்தா நிக்குதே செவப்பு லோரி, அது ஒன்னுதா? சரி சரி. நாலு நம்பர் லாட்டரிக்கு நம்பர் கேக்கத்தான வந்த? என்கிட்ட ஏதுப்பா நம்பர், சொந்த போன் நம்பரே எனக்கு மனப்பாடம் கெடையாது. பத்து மணி வரைக்கும் டைம் இருக்கு, எல்லாத்தையும் சொல்லிடறேன். பத்து மணிக்கு என்னவா? பொறு லா, வரேன் அதுக்கு.

எல்லாம் போட்டோவால வந்த வெனை. அந்தா தண்ணி ஓடுதே பாரிட்டு வாய்க்கா, அதுக்கு அந்தப் பக்கம் மண்ணுக்கரையில ஒரு ஓட்டை தெரியுதா? மீன்கொத்தி கூடு. பறவைகிட்ட நீ பாட்டுக்கு நேரா நடந்து போவ முடியாது. நாலு அடி வெக்கணும், நிக்கணும். மறுநாள் இன்னும் ரெண்டு அடி. அதே நேரம், அதே சட்டை. அதுவா நம்மளப் பாத்துப் பழகணும். கூட்டுல குஞ்சு இருக்கும்போது பயங்காட்டிட்டா தாய் உள்ள போவாது, குஞ்சு பட்டினியில செத்துடும். ஒரு போட்டோவுக்காக அந்தப் பாவம் நமக்கு எதுக்கு? அதான் இந்த எலை உடுப்பு. ஆன்லைன்ல வாங்குனேன். யாரோ ராட்சசனுக்குத் தெச்சது போல, தலையிலேந்து தரை வரைக்கும் மூடிருச்சு. உள்ள நானும் ஒரு மீன் பிடிக்கற ஸ்டூலும். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறது லென்சு மட்டும்.

ஒரே தப்பு, எடம். பின்னால திரும்பாம பாரு... அது எப்படி பாப்ப, சரி, திரும்பியே பாரு. சூலம் நட்டிருக்குல்ல? முனீஸ்வரர். பேக்டரி ஆளுங்க வெச்சுக் கும்புடறது. நான் விடியறதுக்கு முன்ன வந்து உக்காந்தவன், கவனிக்கல. வெளிச்சம் வந்ததும் ஷிப்ட் முடிச்சு ஒரு அக்கா வருது. என்னப் பாத்துச்சு. அப்படியே தரையில விழுந்து கும்புட்டுச்சு.

ஏன் சொல்லலையா? சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அந்த நேரம் பாத்து மீன்கொத்தி வாயில ஒரு பல்லியோட வந்து எதுக்க உக்காருது. நான் பேசுனா அது கூட்டுக்குள்ள போவாது. உள்ள நாலு குஞ்சு கத்துது. அந்த அக்கா பாட்டுக்கு, சாமி, ஒரு நம்பர் காட்டுங்கன்னு அழுவுது. நான் கல்லு மாதிரி இருக்கேன். தொடையில ஒரு கொசு. எவ்ளோ நேரம் தாங்குவ நீ? காலை உதறுனேன். ஏழு தடவ. நிறுத்துனேன், மறுபடி ரெண்டு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் நாலு. அக்கா உக்காந்து எண்ணிருக்கு பாஸ்! ஏழு ரெண்டு ஒண்ணு நாலு. ஆறுதல் பரிசு அடிச்சிருச்சு.

மறுநாள் பன்னெண்டு பேரு. அதுக்கு மறுநாள் வேன் போட்டு வராங்க. லென்ஸப் பாத்து, சாமி பெரிய சுருட்டு பிடிக்குதுன்னு ஒருத்தன் சொல்ல, கொண்டாந்த சுருட்டெல்லாம் லென்ஸுக்குள்ளயே சொருவறானுங்க. சுத்தமான துணியால கூட யோசிச்சு யோசிச்சுத் தொடைக்கற கண்ணாடி அது. அதுல சந்தனம் அப்பி நடுவுல குங்குமம் வெச்சிட்டுப் போனான் ஒரு புண்ணியவான். சிரிக்காத லா. எனக்கு அன்னிக்கு நெஞ்சு வலியே வந்திருக்கும்.

ஆனா மீன்கொத்தி எல்லாத்துக்கும் பழகிடுச்சு. சூடத்துக்கும் பழகிடுச்சு, மணி அடிக்கறதுக்கும் பழகிடுச்சு. ஒரு நாள் நேரா வந்து லென்ஸ் மேலயே உக்காந்துருச்சு. உலகத்துல எந்த போட்டோகிராபருக்கு அந்தக் குடுப்பினை? ஆனா என் லென்ஸுக்கு நாலு மீட்டர் தள்ளி இருந்தாத்தான் போக்கஸ் ஆவும். அரை அடியில உக்காந்துருக்கு, ஒரு போட்டோ எடுக்க முடியல. ஜனங்க எல்லாம் சாமிக்கு வாகனம் வந்துருச்சுன்னு தேங்கா ஒடைக்கறாங்க.

என்ன? ஓட்டையில எதுவும் தெரியலயா? கண்ணு நல்லாத்தான் இருக்கு ஒனக்கு. குஞ்சு நாலும் பறந்து மூணு வாரம் ஆச்சு பாஸ். போட்டோவும் நல்லாவே வந்துருக்கு, அப்புறம் காட்டறேன்.

அப்புறம் ஏன் இன்னும் உக்காந்திருக்கேனா? அது ஒரு வீட்டு விஷயம். ஒனக்குக் கல்யாணம் ஆச்சா? ஆச்சா, அப்ப புரியும்.

எட்டு மாசமா என் சம்சாரம் மலர்விழி என்கூடப் பேசறதில்ல. ஒரு வார்த்தை கெடையாது. சமையல் கேஸ் முடிஞ்சிருச்சு, தண்ணி பில்லு வந்திருக்கு, எல்லாம் ப்ரிட்ஜ்ல சீட்டு எழுதி ஒட்டி வெப்பா. நானும் சரின்னு பதில் எழுதி ஒட்டுவேன். தப்பு என்னுதுதான். எங்க பொண்ணு வாணிக்குக் கல்யாணம், கிள்ளான்ல மண்டபம். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கு. பார்க்கிங்ல ஒரு மரத்துல ஹார்ன்பில் பறவை, ஜோடியா. கேமரா கார்ல இருக்கு. அஞ்சு நிமிஷம்னு போனேன் பாஸ். திரும்பி வந்தா எல்லாம் எலையில உக்காந்து சாப்புடறாங்க. பொண்ணத் தாரை வாத்துக் குடுக்க நான் நிக்க வேண்டிய எடத்துல என் மச்சான் திருச்செல்வம் நின்னிருக்கான். ஆல்பத்துல எந்தப் பக்கம் திருப்புனாலும் அவன் மூஞ்சிதான். வாணி கூட மன்னிச்சிட்டா. இவ மன்னிக்கல. மன்னிக்கவும் கூடாதுதான்னு வெச்சுக்க. ஒரு சாரி சொல்ல எட்டு மாசமா பாக்கறேன், அவ மூஞ்சியப் பாத்தா தொண்டைய விட்டு வர மாட்டேங்குது.

அப்படி இருக்கையில ஒரு வெள்ளிக்கெழம, காலைல பத்து மணி, வெள்ளை மைவி ஒண்ணு வந்து நிக்குது. நம்ம காரு மாதிரியே இருக்கேன்னு பாத்தா நம்ம காரேதான். எறங்குறா மலரு. இந்தத் தெலுக் பங்லிமா காராங்ல சக்தி உள்ள சாமி வந்திருக்குன்னு பக்கத்து வீட்டுல சொல்லிருப்பாங்க போல. எனக்கு உள்ளுக்குள்ள வேர்த்து ஊத்துது. அவ கிட்ட கூட வரல, அந்த லோரி நிக்கற எடத்துலயே நின்னா. கும்புட்டா, போயிட்டா.

அடுத்த வெள்ளி கொஞ்சம் கிட்ட வந்தா. ஒரு மணி நேரம் என்னத் திட்டுனா பாஸ், என்கிட்டயே! சாமி, என் புருஷனுக்குப் பொண்ண விடப் பறவை பெருசாப் போச்சுன்னு. அன்னிக்கு மண்டபத்துல எங்க அவரு, எங்க அவருன்னு எல்லாரும் கேக்கையில நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கறதுன்னு. எனக்கு அழுகையா வந்துருச்சு. கேமரா கண்ணாடி பூரா ஆவி படிஞ்சு போச்சு.

மூணாவது வாரம் இன்னும் கிட்ட. கையில ஒரு பொட்டலம், நாசி லெமாக், தேங்காப்பால் சோறு. படையல். தொறந்து பாத்தா கூட வெக்கற காரச் சம்பல் இல்ல. சம்பல் இல்லாம சாமிக்கு யாராவது படைப்பாங்களா? எனக்கு வயித்துல கேஸ்ட்ரிக், நான் சம்பல் சாப்புடக் கூடாது. அப்பவும் எனக்கு மண்டையில ஏறல, நல்லா தின்னுட்டு உக்காந்திருக்கேன்.

போன வெள்ளி இங்க, நீ உக்காந்திருக்கற எடத்துல உக்காந்தா. ரொம்ப நேரம் உக்காந்துட்டு, எந்திரிச்சு, பொடவையத் தட்டிக்கிட்டே சொல்றா: சாமி, வரும்போது ரொட்டி ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அப்படியே மேல ஒட்டிருக்கற எலையத் தட்டிட்டு வீட்டுக்குள்ள வாங்க, ஹால் பூரா கூட்டி மாளலன்னு.

ஆமா. சாமி நான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எப்பலேந்துன்னு தெரியல, அனேகமா மொத வெள்ளிலேந்தே. நாலு அடி வெச்சு, நின்னு, வேற எங்கயோ பாத்து, நான் மீன்கொத்திக்குச் செஞ்சத எல்லாம் அவ எனக்குச் செஞ்சிருக்கா. எனக்குப் புத்தி வர நாலு வாரம்.

ரொட்டி வாங்கிட்டுப் போனேன். மேசையில வெச்சேன். எடுத்து வெச்சுக்கிட்டா. வீட்டுல இன்னும் சீட்டுதான். அதான் இன்னிக்கு வந்து உக்காந்திருக்கேன். இன்னிக்கு சாமி வாயத் தொறந்து சாரி சொல்லணும். ராத்திரி கண்ணாடி முன்னால பத்து தடவ சொல்லிப் பாத்தேன், வருது. அவ முன்னால வருமான்னுதான் தெரியல. எந்திரிச்சு நின்னு சொல்லட்டுமா, உக்காந்தே சொல்லட்டுமா? உக்காந்தேவா. அதுவும் சரிதான், திடீர்னு எந்திரிச்சா பயந்துடுவா.

மணி என்ன? ஐயோ, வந்துட்டா! அந்தா, வெள்ளை மைவி. நேரா பாக்காதன்னு சொன்னேன்ல! எறங்கிட்டாளா? என்ன பண்றா, காரு பின்கதவத் தொறக்கறாளா? எனக்கு எலை மறைக்குது, நீ சொல்லு. நாற்காலியா? மடக்கு நாற்காலி, பச்சை கலரா? அது எங்க வீட்டு வராந்தாவுல இருக்கறது. எத்தினி எடுக்கறா?

ரெண்டா? நல்லாப் பாத்தியா, ரெண்டா?

சரி, நீ கெளம்பு ஜீவன். பாலையும் எடுத்துக்க, வீட்டுக்குக் கொண்டு போ. குனிஞ்சு அந்த ஓரமா போ, அவசரப்படாத. லோரிய மட்டும் இப்ப ஸ்டார்ட் பண்ணாத பாஸ். அவ உக்காந்ததுக்கு அப்புறம் பண்ணு.