வலது காலில் கியர்

பழைய பைக்கில் போகிறவனுக்குத்தான் ஊர் தெரியும், சார். எந்த மாடியில் போர்வை காய்கிறது, எந்தக் கடைக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள், எல்லாம் கண்ணில் படும். என் வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அதுவும் அது மனசு வைத்தால்தான். மேட்டில் மூச்சு வாங்கும். ஒரு கியர் குறைத்துக் கொஞ்சம் பொறுத்தால், டுப் டுப்பென்று ஏறிவிடும். புது பைக் சொன்னதைச் செய்யும். இதனிடம் கேட்டு வாங்க வேண்டும். அதில்தான் சுகம்.

என் மனைவியின் தம்பிக்கு இது புரியவில்லை. விஷயம் அவ்வளவுதான். சொத்துத் தகராறா என்று நேற்று கேட்டீர்கள். எங்களுக்குள் அப்படி எதுவும் கிடையாது.

கல்லூரி முடிக்கும்வரை அவன் என் பின்சீட்டில்தான் இருந்தான். ஞாயிறுதோறும் மலைச்சாலையில் போய்வருவோம். என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவான். வேலை கிடைத்ததும் அந்தச் சிவப்பு பைக்கை வாங்கினான். குனிந்து படுத்துக்கொண்டு ஓட்டும் ரகம். அதன்பிறகும் ஞாயிறன்று என்னோடு வந்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் என்னைத் தாண்டி உச்சிவரை போய்த் திரும்பி, எனக்கு எதிரே வந்து நிற்பான்.

“இன்னும் இங்கதானா மாமா? நான் மேல போயிட்டுத் திரும்பியே வந்துட்டேன். கயிறு வேணுமா, கட்டி இழுக்கவா?”

நானும் சிரிப்பேன். “அந்த வண்டியில போறப்ப பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கா பாரு மச்சான்.”

“பேசணும்னா போன் பண்றேன் மாமா.”

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஓட்டுநர் பள்ளியில் கற்றுக்கொடுப்பவன். மனிதர்கள் பயப்படுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே என் தொழில். பயம் வந்துவிட்டால் கற்றுக்கொண்டதெல்லாம் போய்விடும். கால் மட்டும் பழகிய இடத்துக்குப் போகும். இப்போதைய பைக்குகளில் வலது காலில் பிரேக், இடது காலில் கியர். என் வண்டியில் நேர்மாறு. வலது காலை மிதித்தால் வண்டி நிற்காது, அடுத்த கியருக்கு மாறும். கைப்பிடியில் இருக்கும் முன் பிரேக் பெயருக்குத்தான்.

“வண்டியை மாத்தி ஓட்டிப் பாக்கலாமா?” என்று கேட்டேன். அவனுக்கு ஒரே குஷி. ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தேன். திரும்பச் சொல்லவும் வைத்தேன்.

“வலது கியர், இடது பிரேக். போதுமா மாமா? உங்க ஸ்கூல்ல எத்தனை பேர் உயிரை இப்படி வாங்குறீங்க?”

சமதரையில் நன்றாகவே ஓட்டினான். இறங்கியபோது முகம் மலர்ந்திருந்தது. “நல்லாத்தான் இருக்கு மாமா. மாசத்துக்கு ஒரு தடவை மாத்திக்கலாம்.”

மாசத்துக்கு ஒரு தடவை. அதற்குமேல் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறே மறுபடி வண்டியை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மலையிலிருந்து இறங்கும்போது நான் சிவப்பு வண்டியில் முன்னால் போனேன். அவன் என் வண்டியில், பின்னால் நெருங்கி வந்தான். தடுப்புச் சுவர் இருக்கும் வளைவைத் தாண்டியதும் நடுச்சாலையில் நிறுத்தினேன். அந்த வண்டியின் பிரேக் அருமை, ஒப்புக்கொள்கிறேன். குறுக்கே ஆடு வந்தது என்று அப்போது எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ஆடு எதுவும் வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். சத்தத்திலேயே தெரிந்தது: வலது காலை மிதித்துவிட்டான். இன்ஜின் சத்தம் இறங்கியது, வண்டி நிற்கவில்லை. மறுபடியும் அதே காலை மிதித்தான். நேரே வந்திருந்தால் என்மேல்தான் மோதியிருப்பான். ஒடித்துச் சுவர் பக்கம் திருப்பினான். என்மேல் அவனுக்கு எவ்வளவு பாசம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு கால் முறிந்தால் போதும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். முதுகெலும்பு போயிற்று. தலையில் பட்ட அடியில் பேச்சும் போயிற்று. என் வண்டிக்கு முன்பக்கம் மட்டும் வளைந்திருந்தது, மெக்கானிக் நிமிர்த்திவிட்டார். அவரிடமே சொல்லி, பக்கவாட்டில் ஒற்றைச் சக்கரத்தோடு ஓர் இருக்கையைப் பொருத்தினேன். ஞாயிறுதோறும் அவனைத் தூக்கி அதில் உட்காரவைப்பது நான்தான். பெல்ட் போட்டு, கழுத்தில் துணி சுற்றிக் கூட்டிப்போவேன். வழியெல்லாம் நான் பேசுவேன். அவனுக்கு இப்போது எந்த அவசரமும் இல்லை.

என் மனைவிதான் ஒருநாள் ஆரம்பித்தாள். “என்னங்க, நீங்க வண்டியை உதைச்சாலே தம்பி கண்ணுல தண்ணி வருது. இது வேணாமே.”

“காத்து பட்டா யாருக்கும் வரும்.”

“வீட்டுக்குள்ள ஏதுங்க காத்து?”

பெண்கள் இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்வார்கள். பிறகு மருத்துவமனையிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மா அவனுக்கு எழுத்துப் பலகை காட்டிப் பழக்கினார். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைப்பார். வேண்டிய எழுத்து வந்ததும் இவன் கண்ணை மூடித் திறக்க வேண்டும். அப்படி அவன் முதன்முதலில் சேர்த்த சொற்கள், “ஆடு வரல.” அக்காவைக் கூப்பிட்டிருக்கலாம், தண்ணீர் கேட்டிருக்கலாம். கிடைத்த முதல் பேச்சை இதற்கா செலவழிப்பது என்று எனக்கு வருத்தம்தான். அன்றைக்கே என் மனைவி ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

வேண்டுமென்றே நிறுத்தினேன். அவன் கால் எங்கே போகும் என்று தெரிந்தே நிறுத்தினேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். இன்று ஞாயிறு. மழைக்கு முன் என்னை வெளியே விட்டால், அவனை ஒரு சுற்று கூட்டிப்போய்விட்டு நானே திரும்பி வந்துவிடுவேன். பாவம் சார், வாரம் முழுக்க அந்த ஒரு சுற்றுக்காகத்தான் அவன் உயிரோடு இருக்கிறான்.