செய்யாக் குற்றத்துக்குத்தான் ஒற்று வரும்

இந்த அறையின் கதவில் 'அழைத்த பிறகு உள்ளே வரவும்' என்று ஒட்டியிருக்கிறீர்கள். 'அழைத்த' என்பதற்கும் 'பிறகு' என்பதற்கும் நடுவே ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கிறது. போகும்போது என் பேனாவாலேயே போட்டுவிட்டுப் போகிறேன். அதற்காக யாரும் எழுந்து வர வேண்டாம்.

நான் சொல்வதைத் தட்டச்சர் அடித்துக்கொள்ளட்டும். மொழித்துறைத் தலைவியான நீங்களே விசாரிப்பதால் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பேசுகிறேன். வெளியே பெஞ்சில் அந்தப் பெண் தன் அப்பாவோடு காத்திருக்கிறாள். இந்த வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குத் தேர்வு நுழைவுச்சீட்டு கிடைக்கும். அலுவலகத்தைச் சீக்கிரம் பூட்டிவிடுவார்கள் என்றும் சொன்னீர்கள். எல்லாம் புரிகிறது. ஆனாலும் அவசரத்தில் எழுதுவது எதுவும் நன்றாக வராது. மாணவர்களிடமும் இதைத்தான் சொல்லிவந்தேன்.

நம் கல்லூரியின் எழுத்து உதவி அறைக்கு நான்தான் பொறுப்பாளர். நூலகத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் இருக்கும் அறை. மேசையின் ஒரு கால் ஆடும். அதற்கு அடியில் ஒரு பழைய வினாத்தாளை மடித்து வைத்திருக்கிறேன். மாணவர்கள் கட்டுரையின் வரைவைக் கொண்டுவருவார்கள். நான் படித்துவிட்டு, இந்த இடம் புரியவில்லையே, இதற்கு ஆதாரம் எங்கே என்று கேள்வி மட்டும் கேட்க வேண்டும். திருத்துவது அவர்கள் வேலை. 'பேனா மாணவர் கையில்தான் இருக்க வேண்டும்' என்று சுவரில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அதை எழுதியவர் நம் மாணவர்களின் கட்டுரை ஒன்றைக்கூடப் படித்திருக்க மாட்டார்.

எனக்குப் பெயர்கள் நினைவில் நிற்பதில்லை, பிழைகள் நிற்கும். எல்லா வாக்கியத்தையும் 'ஆகவே' என்று ஆரம்பிக்கும் பையன் எனக்கு ஆகவே. முற்றுப்புள்ளி என்ற ஒன்று இருப்பதையே அறியாத ஒரு பெண் எக்ஸ்பிரஸ். வாயில் வந்ததை எழுதிவிட்டு 'என்று அறிஞர்கள் கூறுவர்' என்று முடிக்கும் இன்னொருவன் அறிஞர். மூவரும் தங்கமான பிள்ளைகள். வரைவை என்னிடம் நீட்டிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொள்வார்கள். நான் மாற்றி எழுதிக் கொடுத்ததும், "சூப்பர் சார், அப்படியே நான் எழுதின மாதிரியே இருக்கு" என்பார்கள். மனசு குளிர்ந்துபோகும்.

வீட்டிலும் நான் சும்மா இருப்பதில்லை. மனைவியின் மளிகைச் சீட்டைத் திருத்திக் கொடுத்தேன். அவள் எழுதுவதையே விட்டுவிட்டுக் கடைக்காரரிடம் வாயால் சொல்ல ஆரம்பித்தாள். குடும்பக் குழுவில் மாப்பிள்ளை போடும் செய்திகளைத் திருத்தினேன். இப்போது அவர் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புகிறார். அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தப் பெண் வந்தது ஒரு மழை நாளில். பொது இடம் ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் பேருந்தில் நிற்பவர்களைப் பற்றி எழுதியிருந்தாள். 'என் அப்பா ஓட்டிய பேருந்தில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. காசு கொடுத்தவர்கள் நிற்கும்போது நீ உட்காரக் கூடாது என்பார்' என்று ஆரம்பித்தது. இரண்டு தடவை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவையும் படித்தேன், அப்போதும் இல்லை. வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் 'ஓட்டிய' என்பதை அடுத்து ஒரு 'ப்' போட்டு, 'ஓட்டியப் பேருந்தில்' என்று ஆக்கினேன்.

"சார், இது பெயரெச்சம். இங்க ஒற்று வராதுங்க," என்றாள்.

"ஏம்மா, செய்யாக் குற்றம்னு எழுதுறோம்ல? அதுல வருதே?"

"செய்யாக் குற்றத்துக்குத்தான் சார் ஒற்று வரும். செய்த குற்றத்துக்கு வராது."

மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிக்கொண்டே தன் பேனாவால் என் 'ப்'பை அடித்தாள். வாசலில் தன் முறைக்காகக் காத்திருந்த ஆகவே கேட்டுவிட்டுச் சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் அன்றைக்கே இரண்டு வார்த்தை திட்டி விஷயத்தை முடித்திருப்பேன்.

"இன்னொரு தடவை நிதானமா பாத்து வைக்கிறேன்மா. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கோ," என்றேன். வெள்ளிக்கிழமை மற்ற மூவரும் வந்தார்கள். அவர்களுக்கும் அதே தலைப்புதான். எக்ஸ்பிரஸின் கட்டுரை மூன்று பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வாக்கியங்களெல்லாம் ஒருத்தியிடமே குவிந்து கிடப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பகிர்ந்து கொடுத்தேன். கொடுக்கும்போது ஒற்றுகளையும் சரிசெய்தேன். ஆகவேயின் கட்டுரையில் 'என் மாமா ஓட்டியப் பேருந்தில்' என்று வந்தது. எக்ஸ்பிரஸுக்குப் பெரியப்பா. அறிஞருக்குச் சித்தப்பா, அவனுடைய அப்பா பல் மருத்துவர், அதனால் கொஞ்சம் தள்ளிப்போக வேண்டியிருந்தது. மூவரும் அன்றே சமர்ப்பித்தார்கள். திங்கட்கிழமை அவளுடைய கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, "பிரமாதம்மா, ஒண்ணும் மாத்தல" என்றேன். அது உண்மை.

நகலைக் கண்டுபிடிக்கும் கணினி நான்கு கட்டுரைகளையும் ஒரே நிறத்தில் காட்டியது. ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியது. ஒரே வகுப்பில் இத்தனை சித்தப்பா பெரியப்பாக்கள் பேருந்து ஓட்டுகிறார்களே, குழுவுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று சற்று முன் கேட்டீர்கள். குழு கட்டுரைகளைப் படிக்கவில்லை. தேதிகளைப் படித்தது. கடைசியாகக் கொடுத்தவள் அவள், ஆகையால் திருடியவளும் அவளே. முன்னரே என்னிடம் காட்டியதாகச் சொல்கிறாளே என்று குழுவினர் என்னைக் கேட்டார்கள். தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள், நினைவில்லை என்றேன்.

மேல்முறையீடு செய்ய அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். மனுவை உதவி அறையில் காட்டித் திருத்தி வர வேண்டும் என்பது விதி. அப்பாவை அழைத்துக்கொண்டு என்னிடமே வந்தாள். நாற்காலி காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை.

"எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத்தான் சார் தெரியும். இந்த எழுத்து விஷயமெல்லாம் நீங்கதான் பாத்துப் பண்ணணும். எம் பொண்ணு அடுத்தவங்க பொருளத் தொடமாட்டா சார்."

அவருக்காகப் பரிதாபப்பட்டேன் என்பதையும் தட்டச்சர் சேர்த்துக்கொள்ளலாம்.

அவள் கையால் எழுதி வந்த வரைவில் 'மற்றவர் எழுதிய கட்டுரையை நான் நகலெடுக்கவில்லை' என்று இருந்தது. நான் கணினியில் அடித்தபோது 'எழுதியக் கட்டுரையை' என்று அடித்தேன். அவள் திரையைப் பார்த்தாள். விரல் அந்த 'க்' வரை போயிற்று. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, இருக்கட்டும் சார்," என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நான்கு சொல்லுக்கு ஈடாக எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. அன்று வீட்டில் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று சொல் என்று தட்டச்சர் எண்ணிப் பார்த்துச் சொல்கிறார். இருக்கட்டும்.

அச்செடுக்கும்முன் வாக்கியத்தை இன்னொரு தடவை படித்தேன். மொட்டையாக இருந்தது. குழுவின் முன் ஒரு மாணவி 'நகலெடுக்கவில்லை' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது பணிவாகவும் இல்லை. 'நான்' என்பதற்குப் பின்னால் 'தெரிந்து' என்று ஒரு சொல் சேர்த்தேன். 'நான் தெரிந்து நகலெடுக்கவில்லை.' ஓசை கூடிவந்தது. அலுவலகம் மூடும் நேரம். அவள் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

குழு இந்தத் தடவை படித்தது. தெரிந்து எடுக்கவில்லை என்றால் தெரியாமல் எடுத்திருக்கிறாள், அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நீக்கிவிட்டார்கள். இந்த ஓராண்டாக அவள் ஒரு துணிக்கடையில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விலைச்சீட்டில் பெயரெச்சம் வருவதில்லை.

பிறகு நீங்கள் இந்தத் துறைக்கு வந்தீர்கள். பழைய கோப்பைப் புரட்டினீர்கள். மூன்று பேரின் கட்டுரைகளிலும் அவளுடைய மனுவிலும் ஒரே மாதிரி ஒற்று, அவள் எழுதிய கட்டுரையில் மட்டும் அது இல்லை என்றீர்கள். அவளுடைய கையெழுத்து வரைவை அப்பா வண்டிப் பெட்டியில் வைத்திருந்தாராம். அதில் 'தெரிந்து' இல்லை. எல்லாம் சரி. ஆனால் 'ஒரே பிழை நான்கு தாளிலும் இருக்கிறது' என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் மாறுபடுகிறேன். வாக்கியங்களை எடுத்துக் கொடுத்தேன், குழுவிடம் பொய் சொன்னேன், ஒரு பெண்ணின் படிப்பை ஒரு சொல்லால் முடித்துவைத்தேன். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் என் தாளில் பிழை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

இனி வருவதை என் கையாலேயே எழுதுகிறேன். தட்டச்சர் அடித்தப் பக்கங்களை வாங்கிப் படித்தேன். பொல்லாத மனிதர், நான் சொல்லியச் சொற்களில் பாதி ஒற்றைக் காணோம். விட்டுப்போனப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் போட்டு வருகிறேன். "சார், கையெழுத்து மட்டும் போடுங்க, பூட்டப்போறாங்க" என்கிறீர்கள். வாசலில் அவளுடைய அப்பா எழுந்து நிற்பது தெரிகிறது. இதோ, கடைசி வரிக்கு வந்துவிட்டேன். 'இது நான் தெரிந்தே செய்த குற்றம்' என்று அடித்திருக்கிறார். நடுவில் ஒரு 'க்' போட்டு, 'செய்தக் குற்றம்' என்று திருத்திவிட்டேன். 'தெரிந்தே' என்பதில் பிழை ஒன்றும் இல்லை. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.