வெள்ளிக்கிழமை அறை

வீடு கட்ட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலையில் அந்த வீட்டில் யார் முதலில் எழுந்திருக்கிறார்கள் என்பதுதான். எத்தனை அறை, எவ்வளவு பெரிய கூடம் என்பதெல்லாம் பிறகு. முதலில் எழுகிறவர் எந்தக் கதவைத் திறப்பார், காப்பிக்குத் தண்ணீர் எங்கே பிடிப்பார், அந்தச் சத்தத்தில் யாருடைய தூக்கம் கெடும் என்று கேட்டுக்கொண்டே போனால் வீடு மெல்ல உருவம் எடுத்துவிடும். வீட்டில் உள்ளவர்களைத் தனித்தனியாகத்தான் பார்ப்பேன். கணவன் எதிரில் மனைவி தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லமாட்டாள். பேசும்போது எதையும் எழுதமாட்டேன். பென்சிலைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். என் ஞாபகம் நல்லது.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பல வருடங்களாகக் கட்டிடங்களுக்குப் பிளான் போட்டு வந்தேன். தியாகராய நகரில் பொன்ராஜ் என்பவரின் ஜவுளிக் கடையும் நான் போட்டதுதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடை ஆட்கள் மட்டுமல்ல, தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அந்தக் கடையின் மாடிக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு படிக்கட்டு வைத்திருந்தேன். அவர் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பின்னால படி எதுக்கு சார்? அங்கன பட்டுச் சேலைக்கு அலமாரி போட்டுரலாமே" என்றார். நான் ரப்பரை எடுத்து அழித்தேன். வாதாடவில்லை. கட்டுகிறவர் சொல்வதைக் கேட்பதுதான் தொழிலுக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன்.

எழுபத்திரண்டாம் வருடம், தீபாவளிக்கு முந்திய வாரம், அந்தக் கடையில் தீப்பிடித்தது. என் மனைவி சீதா அப்போது மாடியில் இருந்தாள். புடைவை எடுக்க அவள் வேறு எந்தக் கடைக்கும் போயிருக்கலாம். எங்க வீட்டுக்காரர் கட்டின கடை என்று பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். தீ முன்படிக்கு அடியில் தொடங்கியிருக்கிறது. மேலே இருந்தவர்கள் பின்பக்கம் ஓடியிருக்கிறார்கள். அலமாரிகளுக்கு எதிரில்தான் அவளை எடுத்தார்கள். அவள் கை, பக்கத்து வீட்டு அம்மாளின் கையைப் பிடித்திருந்ததாம்.

மின்கம்பிக் கோளாறு என்று முடிவு சொன்னார்கள். பொன்ராஜ் காரியம் முடிகிறவரை தினமும் வந்து எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பார். கம்பி இழுத்தவனைத் திட்டுவார். கண்ணைத் துடைத்துக்கொள்வார். படிக்கட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறைக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லை. அவருக்கு அது நினைவில்லை. அழித்தது நான் அல்லவா.

அதற்குப் பிறகு என்னால் மாடியுள்ள கடை எதையும் கடந்துபோக முடியவில்லை. உஸ்மான் ரோட்டில் கடை கடையாக ஏறி, இறங்குவதற்கு வேறு வழி இருக்கிறதா என்று கேட்பேன். புடைவை எடுக்காமல் படி கேட்கிற ஆளை அவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். வீட்டில் சோறு வடிக்கத் தெரியாமல் குழைந்ததைச் சாப்பிட்டேன். அவள் தலைமாட்டில் வைத்திருந்த தைலக் குப்பியின் மூடியைத் திறக்கவில்லை, திறந்தால் வாசனை தீர்ந்துவிடும் என்று. குளத்தங்கரையில் யாராவது நிறுத்தி விசாரித்தால், நான்தான் அழித்தேன் என்று சொல்ல வாய் வரும். சொன்னால், உங்கள் பேரில் என்ன தப்பு என்பார்கள். அதைக் கேட்க முடியவில்லை. பொன்ராஜ் மட்டும் இரவில் தூங்குகிறார் என்பதும் தாங்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவர் பெசன்ட் நகரில் மனை வாங்கிவிட்டு என்னிடமே வந்தார். வேறு யாரிடமும் மனம் வரவில்லை என்றார். நான் அவரிடம், காலையில் உங்கள் வீட்டில் யார் முதலில் எழுந்திருப்பார்கள் என்று கேட்டேன்.

நிறையப் பேசினார். எல்லா அறைக்கும் கடற்காற்று வேண்டும், இரும்புப் பெட்டிக்கு மட்டும் தனி அறை வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் பெட்டிக்குச் சாம்பிராணி போடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். பல கடைக்காரர்கள் வீட்டில் உண்டு. இவர்கள் வீட்டில் மட்டும் அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இரும்புச் சட்டி நிறையக் கரிக்கங்கு வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் பெட்டிக்கு முன்னால் உட்கார வேண்டும். கங்கு சாம்பலாகும்வரை கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் புகையோடு லட்சுமியும் போய்விடுவாள் என்று அவர் அப்பா சொல்லியிருக்கிறார். அவர்கள் அப்போது குடியிருந்தது ஓட்டு வீடு. ஓட்டு இடுக்கில் புகை போய்விடும். தலை லேசாக வலிக்கும், அது அம்மன் இறங்குவது என்றார்.

அவர் மனைவி முத்துலட்சுமி அம்மாளைச் சமையலறையில் பார்த்துப் பேசினேன். முதலில் எழுவது அவர்தான். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி யார் போடுவது என்று கேட்டேன். "அவுகதான் போடுவாக. தீபாவளிச் சரக்கெடுக்க சூரத்துக்குப் போனா நான் போடுவேன்" என்றார். ஆவணியில் போனால் மூன்று வாரம் ஆகுமாம். எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, சீதாவைப் பற்றி விசாரித்துக் கொஞ்சம் அழுதார். நல்ல மனுஷி.

அடுத்த முறை பொன்ராஜைப் பார்த்தபோது பெட்டி அறைக்கு ஜன்னல் வைக்கலாமா என்று கேட்டேன். கேட்டது உண்மை. வைத்தால் வெளியிலிருந்து கம்பி விட்டு நெம்ப முடியும் என்பதையும் சொன்னேன். அதுவும் உண்மைதான். அவர் யோசிக்கவே இல்லை. "அப்ப வேண்டாம் சார். இடுக்கே இல்லாம அடச்சிருங்க" என்றார். கான்கிரீட் கூரை போட்டேன். கடற்காற்றில் பெட்டி துருப்பிடிக்காமல் இருக்க, இரும்புக் கதவின் விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை கொடுத்தேன்.

கதவு மாட்டுகிற அன்று மேஸ்திரி தணிகாசலம் உள்ளே போய்ச் சாத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "இன்னா சார், அண்ணாச்சிய உள்ள வெச்சி சீல் பண்ணப் போறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பொன்ராஜ்தான் அதிகம் சிரித்தார். "சாவி எங்கிட்டல்லா இருக்கு" என்றார். நானும் சிரித்தேன்.

இதுவரை படித்தவர்கள், நான் பொன்ராஜைக் கொல்ல நினைத்தேன் என்று எண்ணியிருப்பீர்கள். அப்படியில்லை. செத்தவருக்கு என்ன தெரியும்? தை மாதத்திலேயே முடிந்திருக்க வேண்டிய வீட்டை, தரைக்கல் சரியில்லை, சாயம் சரியில்லை என்று ஆவணி முகூர்த்தம்வரை இழுத்தவன் நான். கிரகப்பிரவேசம் ஒரு திங்கட்கிழமை நடந்தது. புதன்கிழமை அவர் சூரத்துக்கு ரயில் ஏறினார். சென்ட்ரலுக்குப் போய் வழியனுப்பினேன். வெள்ளிக்கிழமை என் அறையில் உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பஸ் ஏறினால் அரை மணியில் பெசன்ட் நகர் போயிருக்கலாம் என்பது தெரியும்.

புது வீட்டில் முதல் வெள்ளிக்கிழமை என்று கங்கு அதிகமாக வைத்திருக்கிறார் அந்த அம்மாள். கங்கு அணையும்முன் கதவைத் தொடக் கூடாது என்பதால் சமையல்காரி வெளியே காத்திருந்தாள். பிறகு தட்டினாள். பிறகு கடைக்கு ஆள் அனுப்பினாள். கதவைத் திறந்தபோது முகத்தில் ஒரு கலவரமும் இல்லையாம், தூங்குகிற மாதிரி இருந்தாராம். தீயைவிட அது எவ்வளவோ மேல் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

விபத்து என்றுதான் எழுதினார்கள்.

இப்போது பொன்ராஜும் நானும் சாயங்காலங்களில் எலியட்ஸ் கடற்கரையில் உட்காருகிறோம். அவர் மெலிந்துவிட்டார். கடையை மகனிடம் விட்டுவிட்டார். "நான்தான சார் ஜன்னல் வேண்டாம்னேன். நீங்க கேட்டியளே. நான்தான வேண்டாம்னேன்" என்று மறுபடி மறுபடி சொல்வார். உங்கள் பேரில் என்ன தப்பு என்று நான் சொல்வேன். அதைக் கேட்கும்போது அவர் முகம் எப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும். அந்த முகம் இந்த ஊரில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அவருக்கு என்னைத் தவிர யாரும் இல்லை, எனக்கும் அவரைத் தவிர யாரும் இல்லை. நாங்கள் நண்பர்கள்.

நேற்று அவர் கேட்டார். "ஒவ்வொருத்தர்ட்டயும் தனியாப் பேசுனியளே சார். அவ ஒங்ககிட்ட ஏதாச்சும் கேட்டாளா? எங்கிட்ட அவ ஒண்ணுமே கேட்டதில்ல."

"இல்ல அண்ணாச்சி, ஒண்ணும் கேக்கல" என்றேன். பாவம், தலையை ஆட்டிக்கொண்டார்.

கேட்டார். அந்த அம்மாள் சமையலறையில் என் காப்பி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எனக்கு அந்தப் புகை சேராது சார், மூச்சு முட்டும். அந்த ரூமுக்கு ஒரு சின்ன ஜன்னல் மட்டும் வச்சுக் குடுங்க. அவுகட்ட நீங்களே சொல்லிருங்க."

சரிம்மா என்று சொன்னேன்.