கழுத்துருவை எடுத்த விதம்

கேரமல் பூசிய பாப்கார்ன் எனக்குப் பிடிக்காது. சாந்தினிக்குப் பிடிக்கும் என்பதால் பெரிய டப்பாவாக வாங்கி, படம் முடியும்வரை என் மடியில் வைத்திருப்பேன். இதை எழுதிக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர் லோகேஸ்வரி. நாங்கள் எப்படிப் பழகினோம் என்று கேட்டீர்கள், சொன்னேன்.

பிறைத் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிய பிறகு எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். ஆறு வருடம் இருந்தாள். நகை திருடியதாக இப்போது சிறையில் இருக்கிறாள். இன்னும் பதினாறு மாதம் பாக்கி. அவள் மகள் கெப்பாலா பத்தாஸில் சித்தி வீட்டில் வளர்கிறாள். சாந்தினியை வெளியே கொண்டுவரத்தான் நான் வந்திருக்கிறேன். அதனால் ஒன்றையும் விடாமல் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மதியங்களில் நாங்கள் பார்த்ததெல்லாம் கொள்ளைப் படங்கள். காதல் படம் எனக்கு ஆகாது. ஒரு மேசை, அதன்மேல் ஒரு வரைபடம், சுற்றி நான்கைந்து பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. அந்தக் காட்சி வந்துவிட்டால் எனக்கு மூச்சு சீராகிவிடும். அரங்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வரி கட்டுகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். அத்தனை பேரும் திருடன் தப்பிக்க வேண்டும் என்று இருட்டில் தவிப்பார்கள். சாந்தினி மட்டும் போலீஸ் பக்கம். “இவன் மாட்டணும்லாக்கா. பாவம் அந்த போலீஸு, நாலு நாளா வூட்டுக்கே போவல” என்பாள். பாதி படம் போன பிறகும் அவளுக்குக் கதை பிடிபடாது. நான் முதல் அரைமணியிலேயே யார் எந்த வாசலால் வெளியேறுவார்கள் என்று சொல்லிவிடுவேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இதை என் கணவர் வெள்ளையனிடம் சொன்னால், “படந்தானே” என்பார். இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, காப்பிக்குச் சர்க்கரை போட்டாயா என்பது. புகாராகச் சொல்லவில்லை. நீங்கள் அப்படி எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் கணவரின் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அவர் மனைவி பொன்னம்மை ஆச்சிக்குக் கழுத்துரு பூட்ட வேண்டும். கழுத்துரு எங்கள் செட்டியார் வீடுகளின் திருமண நகை. தங்க உருக்களை மஞ்சள் கயிற்றில் கோத்தது. கல்யாணத்துக்கும் அறுபதுக்கும்தான் பேங்க் பெட்டகத்திலிருந்து வெளியே வரும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் கோத்து, பேழையில் வைத்து மூடிய பிறகு, முகூர்த்தம்வரை யாரும் திறக்கக் கூடாது. திறந்து பார்ப்பது வீட்டாரைச் சந்தேகிப்பதற்குச் சமம். வாசலில் கேமரா, கூடத்தில் கேமரா, கதவுக்கு இரண்டு பூட்டு. இத்தனையும் வைத்துவிட்டு, பேழையை மட்டும் ஒரு நாள் முழுக்கப் பார்க்காமல் இருப்பார்கள். இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தாமல் விடுவதுதான் எனக்குத் தப்பாகத் தோன்றியது.

கோக்கும் வேலை எனக்கு வந்தது. விரல் நிதானம் என்று ஆச்சியே கொடுத்தார். கேமரா இல்லாத சாமி அறையில் உட்கார்ந்து கோத்து முடித்தேன். ஆச்சி சங்கை எடுத்துக்கொண்டு, “எல்லாரும் கண்ண மூடிக் கும்பிடுங்க” என்றார். பதினான்கு பேர் கண்ணை மூடினார்கள். கழுத்துரு பூக்கூடைக்குள் வாடிய பூக்களுக்கு அடியில் போனது. அதே கனத்துக்குச் சிவப்புத் துணியில் சுற்றிய விரலிமஞ்சள் பேழைக்குள் போனது. சங்கொலி அடங்கியபோது நான் பேழையை மூடிக்கொண்டிருந்தேன். ஒத்திகை பார்க்க வாய்ப்பே இல்லாத வேலை அது.

ஆனால் துரத்துவதற்கு ஒருவர் இல்லாவிட்டால் போலீஸ் வீட்டுக்குள்ளேயே சுற்றும். மறுநாள் காலை சாந்தினியைப் பூ மாற்றச் சொன்னேன். இரவே நான் நகையை எடுத்துவிட்ட கூடையோடு அவள் வெளியே போவது கேமராவில் பதிந்தது. அவள் மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் ஒரே ஒரு உருவை வைத்தேன். ஒன்று போதும் என்று எனக்குத் தெரியும். முகூர்த்தத்தில் பேழை திறந்தது. நீங்கள் நேராக அவள் ஃபிளாட்டுக்குப் போனீர்கள்.

அவளை நான் கைவிடவில்லை. வக்கீல் வைத்தேன். மாதம் தவறாமல் போய்ப் பார்க்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, “செய்யாதத எப்படிக்கா ஒத்துக்கிறது?” என்று கேட்டாள். ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்று நான்தான் விளக்கினேன். “நீங்க சொன்னா சரிக்கா” என்றாள். குறைந்தது. மகள் இப்போது யாரிடமும் பேசுவதில்லையாம்; சித்தி சொன்னார். குழந்தைகள் சட்டென்று தேறிவிடுவார்கள்.

நீங்கள் அன்று எங்கள் கூடத்தில் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? ஆச்சியிடம், “இது பொடோ வேலைலா, மூளையே இல்லாத வேலை. பொட்டியப் பாத்துச்சு, எடுத்துருச்சு. பிளானும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல” என்றீர்கள். நான் உங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தேன். எட்டு மாதம் அந்த வாக்கியத்தோடு தூங்கி எழுந்தேன். படங்களில் கடைசியில் ஒரு பகுதி வரும். எப்படி நடந்தது என்று முதலிலிருந்து காட்டுவார்கள். என் வேலைக்கு அது காட்டப்படவில்லை. அதைவிடப் பெரிய அநியாயம் இந்த வழக்கில் இல்லை.

இப்போது எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். “குடும்பத் தகராறில் ஓரகத்தி மீதிருந்த பொறாமையால் எடுத்தேன்.” இதில் நான் எங்கே இருக்கிறேன்? சங்கு எங்கே? கண்ணை மூடிய பதினான்கு பேர் எங்கே?

“கையெழுத்துப் போடுங்கக்கா. மத்த நகை எங்கன்னும் சொல்லிடுங்க. இன்னிக்கே ஃபைல் போனா அந்தப் பொண்ணு சீக்கிரம் வெளிய வரும்லா” என்கிறீர்கள். உங்கள் அவசரம் புரிகிறது. நகை இருக்கும் இடத்தைக் கையெழுத்துக்குப் பிறகு சொல்கிறேன். கையெழுத்து, நீங்கள் இதைச் சரியாக எழுதிய பிறகு. இது மூன்றாவது தாள். நான்காவதும் இப்படியே வந்தால் நாளைக்கு வருகிறேன், அல்லது அடுத்த மாதம்.

சாந்தினி காத்திருப்பாள். நான் இவ்வளவும் அவளுக்காகத்தான் செய்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.