கடைசியாக வருகிறவருக்குக் கைதட்டல்

ஐம்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பிக்கிறவர்கள் முதல் மாதம் முழுக்க முழங்காலைப் பற்றித்தான் பேசுவார்கள், மேடம். இரண்டாவது மாதம் காலணியைப் பற்றி. மூன்றாவது மாதத்திலிருந்து கூட ஓடுகிறவர்களைப் பற்றி. அதற்குப் பிறகு வேறு பேச்சே கிடையாது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

பெயர் ஈவ்லின், வயது ஐம்பத்து மூன்று, சாந்தோமில் ஒரு பள்ளியில் இருபத்தேழு வருடமாகக் கணக்கு டீச்சர், திருமணம் ஆகவில்லை. இதெல்லாம் உங்கள் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கும். அதில் இல்லாததைச் சொல்கிறேன்.

இரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதனால் பாண்டுரங்கன் நடத்தும் ஓட்டக் குழுவில் சேர்ந்தேன். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு சாந்தோமில் ஒரு டீக்கடை வாசலில் இருபது பேர் கூடுவோம். பட்டினப்பாக்கம், அடையாறு பாலம் வழியாக பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்த் திரும்பினால் பத்து கிலோமீட்டர். முதல் நாள் நான் பாலத்தைக்கூடப் பார்க்கவில்லை. பட்டினப்பாக்கத்திலேயே மூச்சு வாங்கித் திரும்பிவிட்டேன். மூன்றாவது மாதம் முழுத் தூரத்தையும் ஓடினேன். ஓடினேன் என்றால், பாதி நடை.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் டீயைத் தொடக் கூடாது. எல்லோரும் இரண்டு வரிசையாக நின்று, கடைசி ஆள் நடுவில் வரும்போது பெயர் சொல்லிக் கைதட்ட வேண்டும்.

"மொதல்ல வர்றவனுக்கு இன்னா மரியாத மிஸ்ஸு? அவனுக்குக் கால் கீது, ஓடறான். கடைசியா வர்றவங்கதான் நமக்கு விஐபி" என்பார் பாண்டுரங்கன்.

அதிலிருந்து பத்து மாதம் நான்தான் கடைசி. பத்து மாதமும் ஞாயிறு தவறாமல் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். வகுப்பில் நான் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். அது வேறு. அதற்கு முன் என் வாழ்க்கையில் யாரும் எனக்காக டீயை ஆறவிட்டதில்லை.

பிறகு லாவண்யா வந்தாள். வயது நாற்பத்தாறு. ஆழ்வார்பேட்டையில் வீடு, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு. வந்த அன்றே என்னிடம், "அக்கா, நான் ஓடறத பாத்தா நாய்கூட தொரத்தாது. பாவம்னு விட்டுடும்" என்றாள். நானும் சிரித்தேன். அவளை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு நான் வளைவில் திரும்பியபோது எல்லோரும் வழக்கம்போல இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடுவில் போனேன். யாரும் கைதட்டவில்லை.

"மிஸ்ஸு, கொஞ்சம் சைடுல வாங்க. லாவண்யா வருது" என்றார் பாண்டுரங்கன்.

நான் ஓரமாக வந்து வரிசையில் நின்றேன். பதினோரு நிமிடம் காத்திருந்தோம். அவள் வந்ததும் நானும் கைதட்டினேன். கடைசிக்கு முந்தின ஆளுக்கு எங்கள் குழுவில் பெயரே கிடையாது, மேடம்.

நான் பொறாமைக்காரி இல்லை. என்னுடன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் தலைமையாசிரியை ஆனார்கள், நான்தான் முதலில் வாழ்த்துச் சொன்னேன். இது வேறு. இங்கே நான் கேட்டது முதல் இடம் இல்லை. யாருக்கும் வேண்டாத இடம். அதையும் ஒருத்தி சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

அடுத்தடுத்த வாரங்களில் மெதுவாக ஓடிப் பார்த்தேன். நான் மெதுவானால் அவள் இன்னும் மெதுவானாள். ஒரு ஞாயிறு முழுத் தூரமும் நடந்தே வந்தேன், அப்போதும் அவள் எனக்குப் பின்னால். அதைப் பார்த்த பாண்டுரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்கப்பா, லாவண்யாவுக்காகத் தன் வேகத்தயே விட்டுட்டாங்க மிஸ்ஸு. இனிமே அதுக்குத் தொணை இவங்கதான்" என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார்.

துணைக்கு ஓடுகிறவருக்கு இரண்டு வேலை. கடைசி ஆளின் கைபேசி, தண்ணீர், சாவி எல்லாம் துணையின் இடுப்புப் பையில் இருக்கும். முடிகிற இடம் கண்ணுக்குத் தெரிந்ததும் துணை விலகி, பக்கத்துச் சந்து வழியாகப் போய் வரிசையில் நின்றுவிட வேண்டும். கடைசி ஆள் தனியாக வர வேண்டும் அல்லவா? நான்கு மாதம் அப்படி விலகினேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, பாலத்தின் மேல் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுக்கா" என்றாள். வாயுவாக இருக்கும் என்றேன். நிற்காதே, நின்றால் உடம்பு பழகாது, உன்னால் முடியும் என்றேன். எங்கள் குழுவில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைகள்தான். அடுத்த வாரமும் வலித்தது. "அவர்கிட்ட சொன்னா டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போவார்க்கா" என்றாள். வீட்டில் சொல்ல வேண்டாம், ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்றேன். அதுவும் உண்மைதானே.

மூன்றாவது ஞாயிறு, திரும்பி வரும்போது பட்டினப்பாக்கத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டாள். மணி ஆறு இருபது. இடது கையைத் தூக்க முடியவில்லை. நெற்றி வியர்வை சில்லென்று இருந்தது. பள்ளியில் எங்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், மேடம். அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. முதல் வாக்குமூலத்தில் தெரியாது என்றேன். தெரிந்தது.

"போனக் குடுங்கக்கா. அவர வரச் சொல்றேன்" என்றாள்.

"நீ பேசாம உக்காரு. நான் போய் ஆளக் கூட்டிட்டு வரேன்."

"சீக்கிரம் வந்துடுங்கக்கா."

அவள் கைபேசி என் பையில்தான் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா? மறக்கவில்லை. அந்த நேரத்தில் மூன்று ஆட்டோ போயின, நிறுத்தவில்லை. ஆளைக் கூப்பிடவும் போகவில்லை; பக்கத்தில் நின்று அவள் கண்ணை மூடும்வரை பார்த்தேன். பிறகு மீதி ஒன்றரை கிலோமீட்டரை நடந்து வந்தேன்.

ஓட்டக்கார உடையில் ஒருத்தி பேருந்து நிறுத்தத்தில் சாய்ந்திருந்தால் இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. களைத்திருக்கிறாள் என்று போய்விடுவார்கள். எட்டு மணிக்கு மீன் கூடையோடு வந்த பச்சையம்மாதான் முகத்தில் வெயில் அடிக்கிறதே என்று தொட்டுப் பார்த்திருக்கிறாள். "தூங்கிக்கினு கீதுன்னு நெனச்சேம்மா. தொட்டா, கட்டையாட்டம் கீது" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். வலி வந்ததுமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று மருத்துவமனையில் சொன்னதாக அவள் கணவர் பிரசாத் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் கைக்கடிகாரம். ஓட்டம் முடிந்து பொத்தானை அழுத்தினால், எங்கே ஓடினோம், எங்கே நின்றோம், நெஞ்சு எப்படித் துடித்தது என்று வரைபடம் போட்டு அதுவே குழுவுக்கு அனுப்பிவிடும். ஓடுகிறவர்கள் சாப்பிட மறந்தாலும் அதை அழுத்த மறக்க மாட்டோம். டீக்கடை வாசலில் நான் கையோடு அழுத்தினேன், பழக்கம். பாண்டுரங்கனும் பழக்கத்தில் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திவிட்டார். காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் நிதானமாகப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்தார், உட்காரவில்லை.

"மிஸ்ஸு, பாலத்தாண்ட ஆட்டோல ஏத்திவுட்டேன், அது நடுவுல எறங்கியிருக்கும்னு சொன்னீங்க. அந்த பஸ் ஸ்டாப்புல ஏழு நிமிசம் நின்னுகீறீங்க. நெஞ்சுத் துடிப்புகூட ஏறல. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல" என்றார்.

நீங்கள் கேட்டீர்கள். மூன்று முறை கேட்டுவிட்டீர்கள், எதற்கு ஆட்டோ என்று பொய் சொன்னேன் என்று. சொல்கிறேன்.

நான் வளைவில் திரும்பியபோது எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள். "லாவண்யா எங்க மிஸ்ஸு?" என்று பாண்டுரங்கன் தூரத்திலிருந்தே கேட்டார். காலில் சதை பிடித்துக்கொண்டது, ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். "அப்போ இன்னிக்குக் கடைசி நம்ம மிஸ்ஸுதான்" என்றார். பதினெட்டு பேரும் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். நான் அவசரப்படாமல் நடுவில் நடந்தேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால், அவ்வளவு பேரும் என்னைத் தாண்டிக்கொண்டு அவளிடம் ஓடியிருப்பார்கள், மேடம்.