மூன்று நட்சத்திரம் தெரியும்வரை

உங்கள் அலுவலகத் தரையில் ஒட்டிய லினோலியம் விரிப்பு கதவோரத்தில் கிளம்பியிருக்கிறது, ஷெரிஃப். யார் ஒட்டியது என்று நான் கேட்கவில்லை. நான் ஒட்டவில்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. இந்த ஊரில் என் கடை வாசலைத் தாண்டிப் போய் இன்னொருவனிடம் வேலை கொடுக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

போன மாதம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். மாடி அறையில் ஆஷர் லீபர் இறந்துகிடந்தார். நீங்கள் மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டீர்கள். நாங்கள் மரியாதைக்குத் தலையை மூடுகிற ஜனம், அதனால் நான் குல்லாவைச் சரிசெய்துகொண்டேன். "உங்க மதத்துல சனிக்கிழமை போனைத் தொடக்கூடாது, அதனாலதானே கூப்பிட லேட்டாச்சு?" என்று நீங்களே கேட்டு, நீங்களே எழுதிக்கொண்டு போனீர்கள். நான் தலையசைத்தேன். அதைத் திருத்தத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எங்கள் யூத சபையின் குரு, எங்கள் ரபி, இறந்து இரண்டு வருஷமாகிறது. இந்த ஊர் ஜெப ஆலயத்தில் நாற்பது குடும்பம்கூட இல்லை. அன்றிலிருந்து தொழுகை நடத்தியது நான், தோரா என்கிற எங்கள் வேதச் சுருளை வாசித்தது நான், பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தது நான், செத்தவர்களைக் குளிப்பாட்டியதும் நான். இளவயதில் நியூயார்க்கில் ரபி படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பட்டம் வாங்கும் முன் அப்பா போய்விட்டார், கடையைப் பார்க்கத் திரும்பி வந்தேன். அதனால் என் பெயருக்கு முன்னால் ஒன்றும் கிடையாது.

நீயே ரபியாக இரு என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் சபைத் தலைவர் மோரிஸ் கட்ஸ்மன், அந்த மரச்சாமான் கடைக்காரர், என் காதுபடவே சொன்னார்: "செலிக் இருக்கிறவரைக்கும் நமக்கென்ன அவசரம்? ஆற அமரப் பாத்து நல்ல ஆளா எடுப்போம்." அந்த 'நல்ல ஆளா' என்ற சொல்லை வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களில் வழக்கம் இதுதான். ரபி வேலைக்கு வருகிறவர் ஒரு ஓய்வுநாள் முழுக்க எங்களோடு இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் வந்துவிடுவார். சனிக்கிழமை வாசிப்பார், பேசுவார், சாப்பிடுவார். அன்று வண்டி ஏறக்கூடாது என்பதால், ஆலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் என் வீட்டில்தான் தங்கவைப்பார்கள். என் இடத்துக்கு வருகிறவனுக்கு என் மனைவி பெஸ்ஸி படுக்கை விரிப்பாள்.

அப்படி ஆஷருக்கு முன் ஒருவர் வந்தார். சுருளை அந்த வாரத்துப் பகுதிக்கு முன்கூட்டியே சுற்றிவைப்பது என் வேலை. நான் சுற்றிவைக்கவில்லை. பாவம், அத்தனை பேர் முன்னால் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி அவருக்கு வியர்த்துவிட்டது. அவருக்கு ஓட்டு விழவில்லை. அது தப்பு என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நல்ல ரபி என்றால் அதைச் சமாளித்திருப்பார்.

ஆஷர் சமாளித்தார். அதுதான் பிரச்சினை.

வெள்ளிக்கிழமை மதியம் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, படி ஏறினால் மூச்சு வாங்கியது. சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து இதயத்தைக் கொஞ்சம் கெடுத்துவிட்டது என்று என்னிடம் மட்டும் சொன்னார். பெட்டியை வைத்துவிட்டு நேரே சமையலறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து, பக்கத்து அடுப்பில் இருந்த பால் பொங்கி, கோழி சூப்பில் தெறித்துவிட்டது. எங்களுக்குப் பாலும் இறைச்சியும் சேரக்கூடாது. இத்தனை வருஷமும் அப்படி நடந்தால் பெஸ்ஸி என்னைத்தான் கேட்பாள். அன்று நான் பக்கத்தில் நிற்கிறேன், அவள் என்னைத் தாண்டி அவரிடம் போனாள்.

"ரபி, இதைத் தூக்கிக் கொட்டணுமா?"

"எவ்வளவு தெறிச்சுதும்மா?"

"நாலு சொட்டு இருக்கும்."

"இந்தப் பானைக்கு நாலு சொட்டா? அறுபதுல ஒரு பங்குகூட வராது. தாராளமாச் சாப்பிடலாம். எனக்கு ரெண்டு கிண்ணம் எடுத்து வைங்க."

பெஸ்ஸி சிரித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உன்னக் கேட்டிருந்தா பானையோட குப்பையில போடுன்னு சொல்லியிருப்பே."

அறுபதில் ஒரு பங்குக்குக் குறைந்தால் தோஷமில்லை என்கிற கணக்கு எனக்கும் தெரியும், ஷெரிஃப். ஆனால் பட்டம் இல்லாதவன் 'சாப்பிடலாம்' என்று சொன்னால், இவனுக்கு என்ன தெரியும் என்பார்கள். 'கொட்டு' என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். தாராளம் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. அந்த சூப்பை நானும் குடித்தேன். நன்றாக இருந்தது. வயிறு எரிந்தது.

மறுநாள் காலை அவருக்கும் சுருள் தப்பான இடத்தில்தான் இருந்தது. பத்துக் கட்டளை வாசிக்கவேண்டிய வாரம், சுருள் அதற்கு வெகு முன்னால், ஆதியாகமத்தில் நின்றது. அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சுற்ற ஆரம்பித்தார், பேசிக்கொண்டே. "இதோ, யோசேப்பைக் குழியில தள்ளிட்டாங்க. மன்னிச்சுக்கப்பா, நிக்க நேரமில்ல. இது எகிப்து. வேர்க்குது. கொஞ்சம் பொறுங்க, கடல் பிளக்கப்போகுது, கால் நனையாமப் பாத்துக்கங்க." ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. கட்ஸ்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்திருக்கிறேன், எனக்காக ஒருவர் முகத்திலும் ஒரு சுருக்கம்கூட அசைந்ததில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "தனி ஆளா எல்லாத்தையும் சுமக்கிறீங்க, ரெப் செலிக். கை தவறாம இருந்தாத்தான் ஆச்சரியம். ஒண்ணு சொல்றேன். நான் இங்க வந்தாலும் வாசிக்கிறது நீங்கதான். உங்க அளவுக்கு எனக்கு வராது." 'ரெப்' என்பது எங்களில் மரியாதைக்குச் சொல்வது. என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் ஒருவேளை அவரை எனக்குப் பிடித்திருக்கும். என் வேலையை எடுத்து எனக்கே தானம் கொடுத்தார். அவர்மேல் எனக்குப் பொறாமை என்று நினைக்கவேண்டாம். பொறாமை தகுதி இல்லாதவனுக்கு வருவது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மாடிக்குப் படுக்கப் போனார். பெஸ்ஸி கட்ஸ்மன் வீட்டுக்கு நடந்து போனாள். அங்கே பெண்கள் கூடி முடிவு செய்துவிட்டால், ஆண்கள் ஓட்டுப் போடுவது வெறும் சடங்கு. நான் ஜன்னல் பக்கம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். மேலே ஏதோ விழுந்தது.

போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். உதடு நீலம். நினைவு இருந்தது.

"போன் பண்ணுங்க, ரெப் செலிக்."

"இன்னிக்கு ஓய்வுநாள்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. "உங்களுக்குத் தெரியுமே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். தலையணையை எடுத்து அவர் தலைக்கு அடியில் வைத்தேன், கதவைச் சாத்தினேன், கீழே வந்து விட்ட பக்கத்திலிருந்து வாசித்தேன். போன் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மருத்துவமனை அடுத்த தெருவுக்கு அடுத்த தெரு.

இருட்டும் நேரத்தில் பெஸ்ஸி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "முடிஞ்சுபோச்சு, அவருதான். எழுப்பிச் சொல்லட்டுமா?"

"தூங்கட்டும் விடு" என்றேன்.

மூன்று நட்சத்திரம் தெரிந்தால்தான் எங்கள் நாள் முடியும். தெரிந்தது. வழக்கம்போல் திராட்சை ரசம் ஊற்றி, திரி ஏற்றி, ஓய்வுநாளை வழியனுப்பும் ஜெபத்தைச் சொன்னேன். பெஸ்ஸியும் நானும் வாசனைப் பெட்டியை முகர்ந்தோம். அன்று கிராம்பு நல்ல வாசனை. அப்புறம் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, போன் செய்தேன். மதியமே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும்.

அவரை நான்தான் குளிப்பாட்டினேன். குறையில்லாமல் செய்தேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன். போன வாரம் சபை கூடியது. எனக்குத் திட்டு விழும் என்று நினைத்துப் போனேன். ஒருவரும் திட்டவில்லை. கட்ஸ்மன் என் தோளில் கைபோட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"யாரும் செலிக்கைக் குத்தம் சொல்லக்கூடாது. பாவம், அவருக்கு என்ன தெரியும்? லினோலியம் விக்கிறவரு. உயிருக்கு ஆபத்துன்னா ஓய்வுநாளை மீறலாம்கிறது ஒரு நிஜ ரபிக்குத் தெரிஞ்சிருக்கும். தப்பு நம்மமேலதான். இவ்வளவு நாள் ரபி இல்லாம விட்டுட்டோம். எவ்வளவு செலவானாலும் சரி, படிச்ச ஆள் ஒருத்தரக் கொண்டுவந்துடணும். வந்ததும் முதல் பாடம் இந்தச் சட்டம்தான். நம்ம செலிக் முன்வரிசையில உக்காந்து கேக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தால் பெஸ்ஸியும் அதையே சொன்னாள். "விடு செலிக். தெரியாமத்தானே செஞ்சே."

இருபத்துமூன்று வருஷமாக என்னோடு வாழ்கிறவள்.

ஆகவே நீங்கள் எழுதியதை அடித்துவிட்டு இதை எழுதுங்கள். மீறலாம் என்பதுகூட அரைகுறைப் பேச்சு. மீறியே ஆகவேண்டும் என்பதுதான் சட்டம். சீக்கிரம் மீறுகிறவனுக்குத்தான் புகழ். மீறலாமா என்று யாரிடமாவது கேட்கப் போகிறவன்கூட ரத்தம் சிந்தினவன் என்று எழுதியிருக்கிறது. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், பக்கத்தில் எந்த வரி என்று சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளலாம். இதே சட்டத்தை நான் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் நடத்தியிருக்கிறேன். அன்று மாடியில் நின்றபோது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருந்தது. கீழே வந்து உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் ஞாபகம் இருந்தது. அவர் சாகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சபை மறுபடி கூடுகிறது, வெளியூரிலிருந்து யாரை அழைப்பது என்று பேச. அதற்கு முன்னால் இதைக் கட்ஸ்மனிடம் கொடுத்து எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். சட்டம் தெரிந்த ஆளை உள்ளூரிலேயே வைத்துக்கொண்டு எங்கெங்கோ தேடுகிறார்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.